கழிவு

பதுளையில் நிரப்பி
அரிசிச் சாக்கில் சுற்றி
பஸ்ஸில் ஏற்றினேன்.
"என்னாப்பா உள்ள?"
"காத்து."
கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார், முகம் சுளித்தார்.
"இந்தக் கனமா? அப்பன்னா காத்துக்கும் அரை டிக்கட்."
ஹப்புத்தளை வரைக்கும்
முழங்காலுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்திருந்தேன்.
சாய்க்கக் கூடாது அதை.

விடுதியை மூடிவிட்டுப் போன யாரோ விட்டுச்சென்ற
பழுப்பு பிளாஸ்டிக் பீப்பாய்,
முப்பது போத்தல் கொள்ளும்.
இஞ்சி, தேசிக்காய், சீனி, ஒரு சிட்டிகை ஈஸ்ட்.
முதல் பத்துப் போத்தலுக்கு
பீப்பாய் தன் மூச்சிலேயே ஊற்றும்.
பிறகு குழாய் மெலியும்.

மெலிந்ததும் கை பரபரக்கும். விடக்கூடாது.
நூலாகட்டும்.
நூல் அறுந்து, 'களக்' என்று
வெளிக்காற்றை விழுங்கப் போகிற அந்த நொடிக்குச் சற்று முன்
ஒரு சீறல்.
ஒன்று, இரண்டு, மூடு.
மூன்று எண்ணினால்
மூடியின் ரப்பர் வளையம் தும்மும்.
அந்தத் தும்மல் பதுளைக் காசு.

இவ்வளவு சிக்கனமாய் இருந்தும்
முதல் சிலிண்டர் பதினோராம் நாள் செத்தது.
முள் கடைசி வரை அசையவில்லை.
உள்ளே திரவமாய்க் கிடப்பதால்
சொட்டு மிஞ்சும் வரை
அதே அழுத்தம், அதே முகம்,
நாளைக்குத் தருகிறேன் என்கிற கடன்காரன் மாதிரி.

இரண்டாவதை மாட்டிய அன்றே
சவர்க்கார நுரையைக் கழுத்தில் பூசினோம்.
வால்வுக்குக் கீழே ஒரு குமிழி,
கடுகளவு.
பெருத்தது. உடைந்தது.
மறுபடி அதே இடத்தில் கடுகு.

சுகிர்தா ஒன்றும் சொல்லவில்லை.
மகனின் பாயைச் சுருட்டி
மேலறைக்குக் கொண்டுபோனாள்.
இறங்கி வந்து
பின்கதவின் அடிப்பலகையைக் கழற்றினாள்.
"இது தரையில படுக்கிற காத்து.
அவனும் தரையில படுக்கிறவன்."
அந்த இடைவெளி வழியாய் பனி உள்ளே வந்தது.
பனியையாவது கண்ணால் பார்க்கலாம்.

நான் வாஷர் மாற்றி, வசலின் தடவி
முடித்தபோது
மீன்கடை ரவூப் நானாவின் தொங்குதராசோடு நின்றாள்.
காலை ஏழு முதல் மூன்று வரை
கொழுந்து பறித்து, தராசுக்கு முன்
வரிசையில் நிற்கிறவள்,
தராசு என்றால் அவளுக்கு மூக்கு விடைக்கும்.

சிலிண்டரின் தோளில் விரல் வைத்து
பொறித்த எண்ணைத் தடவிப் படித்தாள்:
ஆறு எண்ணூறு.
"இது என்னா?"
வெறுஞ் சிலிண்டரின் எடை, என்றேன்.
இதைக் கழித்தால் மிச்சம் வாயு.
"யாரு அடிச்சது?"
செய்த கம்பனி.
"யாரும் மாத்த முடியாதா?"
இரும்பில் அடித்தது, எப்படி மாற்ற?

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தாள்.
சாக்குக்கு என்று இரண்டு கிலோ,
மழை நாளில் தண்ணிக்கு என்று மூன்று,
அதெல்லாம் எங்கேயும் பொறித்திருக்காது.
கணக்கப்பிள்ளையின் வாயில் இருக்கும்,
ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எடையாய்.

அன்றிலிருந்து சுவரில் கரிக்கோடு.
எட்டு அறுநூறு. எட்டு ஐந்நூற்றி எழுபது.
ஞாயிறு, ரயிலில் வந்த கூட்டம்:
எட்டு முந்நூற்றுப் பத்து.
நான் கள்ளமாய் எண்ணிய மூன்றாவது நொடியும்
கரிக்கோட்டில் மாட்டிக்கொண்டது.

நேற்று ஒரு புதினம்.
யாரும் நிரப்பாமலே
நாற்பது கிராம் கூடியிருந்தது.
இரவெல்லாம் அடிப்பலகை வழியாய் வந்த பனி
சிலிண்டரில் முத்து முத்தாய் வேர்த்துக்
கீழ் வளையத்தில் தேங்கி நின்றது.

"அம்பது கழிச்சிரு," என்றேன்,
வாயில் வந்ததை.

நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து
கழுத்து, தோள், அடிவளையம் என்று
மெதுவாய், மூலை விடாமல்
துடைத்தாள்.
"இப்ப நிறு."